குதிருக்குள் ஒரு திருடன்

சடையாண்டி அரண்மனைக் கொலைக்களத்தில் வாள் பிடிக்கிறவர். இருபத்திரண்டு வருஷத்தில் முப்பத்தொன்பது தலை. ஒரே வெட்டு, இரண்டாவது வெட்டுக்கு அவர் போனதே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, வேலையில் அப்படி ஒரு சுத்தம். வெட்டி முடித்ததும் ஆற்றில் ஒரு முழுக்குப் போடுவார். வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிடுவார். படுத்தாரானால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் கையிலும் ஒரு பிசகு நடந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவனுக்கு ஐந்து கசையடி, இன்னொருவனுக்குத் தலை. தீர்ப்பு ஓலை வாசிக்கிறவர் கள் மயக்கத்தில் மாற்றி வாசித்துத் தொலைத்தார். அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவனின் தலை உருண்டது. "ஓலை மாறிப்போச்சு, அதுக்கு என்ன பண்றது?" என்று ராஜா வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

சடையாண்டிக்கு மானம் போயிற்று. இனி எவன் வாசிப்பையும் நம்புவதில்லை, தானே வாசித்துவிடுவது என்று முடிவு பண்ணினார். ஐம்பது வயதில் எழுத்துப் படிக்கக் கிளம்பினார். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று ஊர் சிரித்தது, அவர் காது கேட்காத தூரத்தில் நின்றுகொண்டு.

ஆற்றங்கரை மண்டபத்தில் சுவடி படியெடுத்துப் பிழைக்கிறவள் அரியநாச்சி. முப்பது வயதுக்காரி. யார் வந்து கேட்டாலும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். சடையாண்டியைக் கண்டால் ஊரே விலகி நடக்கும். அவள் மட்டும் பாயை விரித்து, "உக்காருங்க அண்ணே" என்றாள்.

மூன்று மாதம் மணலில் எழுதிப் பழகினார். பிறகு அவள் ஒரு கதைச் சுவடியை எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்குக் கதை எதுக்கு தாயி? பேரு, ஊரு, குத்தம். இந்த மூணும் வாசிக்கத் தெரிஞ்சாப் போதும்."

"உங்க ஓலையில இருக்கிறது ரெண்டு வரி. ரெண்டு வரியை வச்சுக்கிட்டு எப்படிப் பழகுறது? இதை வாசிங்க."

கதையில் ஒரு திருடன். பஞ்சகாலத்தில் நெல் திருட ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். நெல் கொட்டிவைக்கிற மண் குதிருக்குள் இறங்கிப் பார்த்தால், அது காலி. அதற்குள் வீட்டுக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். மேலே ஏறவும் வழியில்லை. இருந்த ஒரு கரண்டிக் கஞ்சியை வீட்டுக்காரி நாலு பேருக்குப் பங்கு வைக்கிற சத்தம் அவனுக்குக் கேட்கிறது. குதிருக்குள் ஒரே தூசி. தொண்டை கமறுகிறது.

சடையாண்டி எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்தானே? ஒரு வரியைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அந்த இடத்திலேயே மூன்று நாள் நின்றார். ஓலையில் விரலை வைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, "இருமாதேடா... பாவி, இருமாதேடா" என்று முணுமுணுத்தார். சொன்னது யார் என்று பாருங்கள்! எத்தனை திருடனை வெட்டிய கை அது.

அரியநாச்சி சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பாமல் தன் ஓலையை எழுதிக்கொண்டிருந்தாள்.

வருஷம் ஒன்று போயிற்று. வெள்ளூர் நாகன் என்று ஒருவனைக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். அரண்மனைக் களஞ்சியத்தில் கைவைத்தவன். சடையாண்டி ஓலையை வாங்கித் தானே வாசித்தார். பேர் சரி, ஊர் சரி. கண்ணில் துணி கட்டி, தலையைக் கல்லில் சாய்த்திருந்தார்கள். வாளை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை.

"நேரம் சரியில்லை" என்று என்னவோ உளறினார்.

தண்டனையைப் பார்வையிட வந்திருந்த தளவாய் சிரித்தார். "நாளைக்கு உச்சிப்பொழுதுக்குள்ள அவன் தலை விழணும். நீ வெட்டலைன்னா அதே கல்லுல உன் தலையையும் வைக்கச் சொல்லுவேன்."

சடையாண்டி வாளும் கையுமாக நேரே மண்டபத்துக்கு வந்தார். "என்னைக் கெடுத்துட்டீங்களே தாயி!" என்று கத்தினார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாப் போச்சே! இருபத்திரண்டு வருஷமா நடுங்காத கை இது. நான் எழுத்துத்தானே கேட்டேன்? நீங்க எதைக் கொடுத்தீங்க?"

நடந்ததைச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஓலையில என்ன இருந்துச்சு?" என்றாள்.

"வெள்ளூர் நாகன். நெல் திருடினான். தலை. அவ்வளவுதான்."

"நீங்க எதைப் பார்த்தீங்க?"

சடையாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உலை கொதிக்குது. அவன் பெண்டாட்டி அரிசிக்குக் காத்திருக்கா. தண்ணி வத்திப்போகுது, மறுபடி ஊத்துறா. மறுபடி வத்துது. வாசல் பக்கம் பாக்கவே மாட்டேங்கிறா, பயந்துக்கிட்டு..."

"வெள்ளூருக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லை."

"அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"தெரியாது தாயி! எனக்கு என்ன தெரியும்? ஆனா பார்த்தேனே!"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இவன் ஒருத்தனோட போனாப் பரவாயில்லை. முப்பத்தொன்பது பேரும் வர்றாங்க. அந்த ஓலை மாறிச் செத்தவனும் வர்றான். அன்னிக்கு என் வேலை பிசகிப்போச்சேன்னுதான் எனக்கு வருத்தம். அவன் செத்தான்னு வருத்தமே வரலை. இப்பத்தான் வருது. படிச்சதை மறக்க ஒரு வழி சொல்லுங்க. உங்க கால்ல விழுறேன்."

அரியநாச்சி எழுந்து உள்ளே போனாள். அந்தக் கதைச் சுவடியைக் கொண்டுவந்து, மண்டபத்துக் கல்லின் மேல் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். திருடன் குதிருக்குள் இறங்குகிற ஓலையைத் தேடி மேலே வைத்தாள்.

"இவனை வெட்டுங்க."

"என்னது?"

"இவனுக்கு அப்பன் இல்லை, ஆத்தா இல்லை. இவன் பொறக்கவே இல்லை. வெட்டினா ரத்தம் வராது. இவனை வெட்ட முடிஞ்சா நாளைக்கு நாகனையும் வெட்டிரலாம். பழைய தூக்கமும் வந்துரும்."

சடையாண்டி எழுந்தார். காய்ந்த பனையோலைதானே? அடுப்பில் போட்டால் ஒரு தம்ளர் தண்ணீர்கூடச் சுடாது. உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். வாளை ஓங்கினார்.

ஓங்கியபடியே நின்றார். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. கடைசியில் வாளைத் தரையில் வைத்துவிட்டு, ஓலை கலைந்துவிடாமல் சுவடியைச் சேர்த்துக் கட்டினார்.

"இவன் என்ன பண்ணினான், பாவம்" என்றார்.

அரியநாச்சியின் கண்ணும் கலங்கியிருந்தது.

"நாளைக்கு நான் வாளைத் தொடமாட்டேன். அது நிச்சயம்" என்றார் சடையாண்டி.

"ஓடம் சாயங்காலம் வரைக்கும் போகும்" என்றாள். "ஆத்தைத் தாண்டிட்டா வேற ராஜா, வேற நாடு. போயிருங்க அண்ணே."

"நான் போனா என் தம்பி மகனைக் கூப்பிடுவாங்க. அவனும் வாள் பழகினவன். நாகன் தலை விழுந்துரும். நான் போகாம இருந்தாலும் அவன்தான் வருவான். அப்ப ரெண்டு தலையா விழும். எப்படிப் பார்த்தாலும் நாகன் பிழைக்கப்போறதில்லை. நான் படிச்சதுல அவனுக்கு என்ன வந்துச்சு?"

அவள் சுவடிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள். துறையில் ஓடக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாயைத் திறந்து சொல்லுங்க தாயி. நான் போனா?"

"நீங்க பிழைச்சுக்குவீங்க. நாகன் தனியாச் சாவார்."

"இருந்தா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"தனியாச் சாகமாட்டார்."