மஞ்சக்காலி வாய் திறந்த கதை

அந்தக் காலத்தில், எறும்பு முதல் யானை வரை எல்லாமே ஓயாமல் பேசித் திரிந்த காலத்தில், ஒரே ஒரு பறவை மட்டும் சத்தமில்லாமல் வாழ்ந்தது. ஏரிப் பக்கம் நீளமான மஞ்சள் கால்களை எட்டி எட்டி வைத்து நடக்குமே, அதுதான். மஞ்சக்காலி என்று அதைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட பறவையைத்தான் இன்றைக்கு, "கத்திக் கத்தி உயிரை வாங்குது" என்று திட்டுகிறோம். அதைக் கத்த வைத்தது யார் என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? நான் சொல்கிறேன், கேளுங்கள்.

முள்ளிக்கால் ஏரியை ஒட்டிய காட்டில் இளசுகளுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. காடு பழகும் சங்கம் என்று பெயர். முயல்குட்டி, கீரிக்குட்டி, மான்கன்று, கௌதாரிக் குஞ்சு என்று பால்மணம் மாறாத கூட்டமெல்லாம் அதில் சேரும். ஈர மண்ணில் பதிந்த காலடியைப் பார்த்து வந்தது யார், எந்தப் பக்கம் போனார் என்று சொல்லப் பழகும். காற்று எங்கிருந்து வருகிறது என்று மூக்கை நனைத்துப் பார்க்கப் பழகும். கோடையில் எந்த மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறும், பருந்து வட்டமிட்டால் எந்தப் புதருக்குள் ஒண்டுவது, இதெல்லாம் அங்கே படிப்பு. நல்ல படிப்புதான். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறையெல்லாம் தலைவரிடம்தான்.

தலைவர் மயில். மரியாதைக்காக 'அவர்' என்கிறேன், மனசு வரவில்லை. கூட்டம் நடக்கும் மருதமரத்தில் உச்சிக்கிளை அவருக்கு. ஒரு குட்டிக்கும் ஒரு பாடமும் அவர் சொல்லிக்கொடுத்தது கிடையாது. காலடி பார்ப்பதைக் கீரி சொல்லிக்கொடுத்தது, தண்ணீர் தேடுவதைப் பன்றி சொல்லிக்கொடுத்தது. பேர் வாங்குவது மட்டும் மயிலின் வேலை.

ஓசைபடாமல் நடக்கும் பாடம் மஞ்சக்காலியுடையது. காய்ந்த சருகின் மேல் நடந்தாலும் அதன் காலடி கேட்காது. குட்டிகள் அதை அத்தை என்றுதான் கூப்பிடும்; அத்தை என்றால் உயிர். அத்தையின் பாடமும் ஒரே வரிதான்: "கால் வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணை வைங்க, கண்ணுங்களா."

அந்தச் சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. மிதிக்கக் கூடாத இடம் என்றால் சுற்றிலும் நாணல் குச்சி நடுவார்கள். பாம்புப் புற்றா, புதைசேறா, யாராவது குட்டி போட்டிருக்கிறார்களா, குச்சி இருந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஏன், எதற்கு என்று கேள்வி கிடையாது.

பங்குனி வந்தது. ஏரி வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. காய்ந்த படுகையில், கூழாங்கற்களுக்கு நடுவே, மஞ்சக்காலி நான்கு முட்டை இட்டது. கூடு என்று ஒன்றுமில்லை. முட்டைகளும் கல் போலவே புள்ளி புள்ளியாக இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் முட்டை எது கல் எது தெரியாது. வெயில் ஏறினால் குட்டைக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். முந்தைய வருஷம் இட்டதையெல்லாம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இந்த நான்கும்தான் அதற்கு இனி எல்லாம். சுற்றிலும் நாணல் குச்சி நட்டுவிட்டு உட்கார்ந்தது.

இந்த நேரத்தில் மயிலுக்கு ஒரு யோசனை உதித்தது பாருங்கள்! மலைக்காட்டுச் சங்கத்தின் தலைவர் கடமானை விருந்துக்கு அழைத்து, குட்டிகளை ஓசைபடாமல் ஏரிப் படுகையைக் கடக்க வைத்துக் காட்டப்போகிறாராம். தேறிய குட்டிகளுக்கு ஆளுக்கொரு மயிலிறகு. ஆனால் போட்டி முடியும்வரை படுகையில் யார் சத்தம் போட்டாலும், அது யாராக இருந்தாலும் சரி, குட்டிகள் மொத்தமும் தோற்றதாகக் கணக்கு.

மஞ்சக்காலி மருதமரத்துக்குப் பறந்து போனது. மரத்தடியில் கீரியும் இருந்தது. அப்போதெல்லாம் அதுவும் மரத்தில் உட்காரும்.

"ஐயா, படுகையில என் முட்டை கிடக்கு. போட்டியை மேட்டுப் பக்கம் வெச்சுக்கலாமே?"

"மேட்டுல ஒரே மரநிழல், என் தோகைமேல வெயில் சரியா விழாதும்மா" என்றார் மயில். இதுவும் ஒரு காரணமா? கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

"அப்ப குச்சி நட்டிருக்கேன், அதையாச்சும் பார்த்து..."

"பார்த்துக்கறேன், பார்த்துக்கறேன். எனக்குச் சொல்லணுமா? நீ போ."

போட்டியன்று காலையில் மயில் கீரிக்குட்டியைக் கூட்டிக்கொண்டு படுகையைச் சுற்றிப் பார்க்க வந்தார். மஞ்சக்காலி வயிற்றை நனைக்கக் குட்டைக்குப் போயிருந்தது. குச்சிகளைப் பார்த்ததும் மயிலுக்கு முகம் சுளித்தது.

"என்னடா இது, நடு மைதானத்துல வேலி? விருந்தாளி வர்ற நேரத்துல அசிங்கமா இருக்கு. பிடுங்கிப் போடு."

கீரிக்குட்டி தயங்கியது. "அது அத்தையோட முட்டைங்க..."

"எனக்குத் தெரியாதா? எந்த இடம்னு நான் ஞாபகம் வெச்சிருக்கேன். பிடுங்கு!"

தலைவர் பேச்சைத் தட்ட முடியுமா? கீரிக்குட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கியது.

மஞ்சக்காலி திரும்பி வந்தபோது கடமான் வந்து நிழலில் நின்றுகொண்டிருந்தது. குட்டிகள் வரிசையில் நின்றன. குச்சி ஒன்றுகூட இல்லை. பதறியடித்துக்கொண்டு மயிலிடம் ஓடியது.

"ஐயா, குச்சி..."

"உஷ்! பார்த்துக்கறேன்னு சொன்னேனா இல்லையா? இனி நீ வாயைத் திறந்தா இந்தப் பிள்ளைங்க அத்தனையும் தோத்துப் போகும். பரவாயில்லையா?"

மஞ்சக்காலி குட்டிகளைப் பார்த்தது. தை மாதத்திலிருந்து விழுந்து எழுந்து பழகிய குட்டிகள். முன்னால் நின்ற முயல்குட்டி, பேசிவிடாதீர்கள் அத்தை என்று கண்ணாலேயே கெஞ்சியது. மஞ்சக்காலி வாயை மூடிக்கொண்டது. போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

போட்டி தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, குட்டிகள் அத்தனையும் தங்கம். கால் வைக்கும் முன் கண்ணை வைத்து, அத்தை உட்கார்ந்திருந்த இடத்தை நன்றாக ஒதுங்கி, ஒரு கல்கூடப் புரளாமல் கடந்து போயின. கடமான் தலையை ஆட்டி மெச்சியது.

அத்தோடு விட்டிருக்கலாமே! விருந்தாளி குட்டிகளை மெச்சினால் தலைவருக்குப் பொறுக்குமா? போட்டி முடிந்ததென்று சொல்லாமல் மயில் தானே படுகையில் இறங்கினார். தோகையை முழுசாக விரித்தார். விருந்தாளியைப் பார்த்தபடியே, ஒரு கால் மாற்றி ஒரு கால், பின்பக்கமாக நடந்து வந்தார். பின்பக்கமாக! கண் எங்கேயோ, கால் எங்கேயோ. அவர் பின்பக்கம் வைத்த ஒவ்வொரு அடியும் நேராக மஞ்சக்காலியை நோக்கித்தான் வந்தது.

மஞ்சக்காலி எழுந்தது. இரண்டு சிறகையும் விரித்துக் குறுக்கே நின்றது. சத்தம் இல்லை. தோகையைக் கொத்தி இழுத்தது. சத்தம் இல்லை. முள் மாட்டியதென்று நினைத்து மயில் தோகையை ஓர் உதறு உதறினார். அந்த உதறலில் மஞ்சக்காலி தூரப் போய் விழுந்தது. அது புரண்டு எழுவதற்குள் காலை வைத்துவிட்டார்.

நொறுக்கென்று கேட்டது.

அன்று அந்தப் படுகையில் கேட்ட ஒரே சத்தம் அதுதான். மயில் சட்டென்று திரும்பி, விருந்தாளி முன்னால் மானம் போன கோபத்தில், என்ன கேட்டார் தெரியுமா?

"யாரது சத்தம் போட்டது?"

பாவி! காலடியில் மூன்று முட்டை உடைந்து வழிகிறது. மஞ்சள் கரு அவர் விரலில் ஒட்டியிருக்கிறது. சத்தம் போட்டது யார் என்று கேட்கிறார்!

கடமான் கீழே பார்த்தது. எல்லோரும் கீழே பார்த்தார்கள். மயிலும் அப்போதுதான் பார்த்தார். பார்த்தவர் ஐயோ என்றாரா? இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மஞ்சக்காலியைப் பார்த்துச் சொன்னார்:

"ஏம்மா, பெத்தவ நீ பக்கத்துலதானே நிக்கறே? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மஞ்சக்காலிக்கு அழுது அழுது கண்ணைச் சுற்றிச் சிவந்துபோனது. கீரியிடம் ஓடியது. "நான் முன்னாடியே சொன்னேன்தானே? நீ கேட்டேதானே?" கீரி காது கேளாதது மாதிரி மண்ணைக் கிளறியது. பன்றியிடம் ஓடியது. "குச்சி நட்டிருந்தேனே, நீ பார்த்தேதானே?" பன்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. "யார் மிதிச்சது? யாராச்சும் சொல்லுங்களேன், யார் மிதிச்சது?" கடமான்கூட, நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டது. பெரியவர்களில் ஒருத்தர் மூச்சு விடவில்லை. அந்தச் சங்கம் முழுசாக மௌனப் பாடத்தில் தேறியது அன்றைக்குத்தான்.

முயல்குட்டிதான் முன்னால் வந்தது. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "எனக்கு இறகு வேண்டாம் அத்தை. நீங்க கத்துங்க. எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க" என்றது.

அப்போதுதான் மஞ்சக்காலி தொண்டையைத் திறந்தது. அது பிறந்ததிலிருந்து விழுங்கி வைத்திருந்த சத்தம் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. குட்டைத் தண்ணீர் அதிர்ந்தது. மயில் தோகையை மடக்கிக்கொண்டு மருதமரத்துக்குப் பறந்தார். மஞ்சக்காலி விடாமல் மரத்தடிவரை துரத்திக்கொண்டு போனது.

"இனி உங்க சங்கத்து மரத்துல நான் கால் வைக்க மாட்டேன். எந்த மரத்துலயும் வைக்க மாட்டேன். தரையிலதான் இருப்பேன், தரையிலதான் முட்டையிடுவேன். என் தரைக்கு எவன் வந்தாலும், ராஜாவே வந்தாலும், ஊரைக் கூட்டிக் கத்துவேன். அப்புறம் என்னைப் பார்த்து ஏன் சொல்லலைன்னு ஒருத்தன் கேட்கக் கூடாது!"

நான்காவது முட்டை உடையாமல் தப்பியிருந்தது. கீரிக்குட்டி தான் பிடுங்கிய குச்சிகளைத் தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்தது. "நட்டுடட்டுமா அத்தை?" என்றது.

"வேண்டாம் கண்ணு. குச்சியைத்தான் பிடுங்கிப் போடறாங்களே. என் குரலைப் பிடுங்கட்டும் பார்ப்போம்" என்றது மஞ்சக்காலி.

இரவும் பகலும் கத்திக் கத்தியே அந்த முட்டையைக் காத்தது. குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்ததும் முதலில் கற்றுக்கொண்டது அந்தக் கத்தலைத்தான். ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிறது என்று, வேட்டைக்குப் போனவர்கள்தான் எரிச்சலில் அதற்கு ஆட்காட்டி என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, இயற்கையைப் பார்க்கிறோம் என்று கூட்டமாக ஏரிப் பக்கம் போகிற பிள்ளைகளே, தலைக்கு மேல் ஒரு பறவை வட்டமடித்து ஆவேசமாகக் கத்தினால், அண்ணாந்து பார்த்துச் சிரிக்காதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள். குனிந்து காலடியைப் பாருங்கள். வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பிப் போங்கள்.

அன்று முதல்தான் ஆட்காட்டிக்குக் கண்ணைச் சுற்றிச் சிவப்பு. அன்று முதல்தான் அது மரமேறுவதில்லை. அன்று முதல்தான் யார் கால் அதன் தரையில் பட்டாலும், மிதித்த பிறகு அல்ல, மிதிப்பதற்கு முன்பே, அது கத்துகிறது.