கேட்டதைப் பாடிய மைனாக் குஞ்சு

குழந்தைகளே, ஒரு காட்டில் ஆற்றோரத்து மருத மரத்தில் ஒரு மைனா குடியிருந்தது. அதற்கு ஒரே குஞ்சு, பெயர் மணியன்.

அந்தக் காட்டில் கரிச்சான் குருவி ஓர் இசைப்பள்ளி நடத்திவந்தது. சேர விரும்பும் குஞ்சுகளுக்கு அது ஒரு தேர்வு வைக்கும். கரிச்சான் எழுப்பும் ஒலியைக் குஞ்சு அப்படியே திருப்பிப் பாட வேண்டும்.

மணியனுக்கு இறகு முளைக்கும் முன்பே மைனா பயிற்சியைத் தொடங்கிவிட்டது.

"நான் பாடுவதைக் கேள். உடனே திருப்பிப் பாடு. பாடும்போது வால்கூட அசையக் கூடாது" என்றது.

பக்கத்துப் புதரில் இருந்த தவிட்டுக்குருவிக்கு மனம் கேட்கவில்லை. "அக்கா, மணியனைக் கொஞ்சம் கீழே அனுப்புங்களேன். என் பிள்ளைகளோடு பூச்சி பிடிக்கட்டும். எந்தச் சத்தம் கேட்டால் ஒளிய வேண்டும் என்றும் தெரிந்துகொள்வான்" என்றது.

"அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. முதலில் பள்ளியில் இடம் கிடைக்கட்டும்" என்றது மைனா.

தேர்வு நாள் வந்தது. இலையில்லாத ஒரு கிளையில் மணியன் தனியாக உட்கார்ந்திருந்தான். கரிச்சான் குழலைப்போல் ஒலித்தது. அவனும் அப்படியே ஒலித்தான். தவளையைப்போல் கத்தியது, அவனும் கத்தினான். மைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

திடீரென்று கரிச்சான் வானத்தைப் பார்த்து, "கிர்ரீச்" என்று அலறியது.

அடுத்த நொடி, வேடிக்கை பார்க்க வந்த பறவைகளில் ஒன்றுகூடச் சுற்றியிருந்த கிளைகளில் இல்லை. தவிட்டுக்குருவியின் பிள்ளைகள் முள்புதருக்குள் பாய்ந்துவிட்டன. மைனாவும் பாய்ந்தது. மகனும் பின்னாலேயே வருவான் என்றுதான் அது நினைத்தது.

வெளியே கிளையிலிருந்து, பிசிறில்லாமல் ஒரு குரல் வந்தது: "கிர்ரீச்."

மைனா எட்டிப் பார்த்தது. மணியன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். வால்கூட அசையவில்லை. அவன்மேல் வல்லூறின் நிழல் விழுந்துகொண்டிருந்தது.

மைனா பாய்ந்து சென்று அவனைக் கிளையிலிருந்து தள்ளிவிட்டது. வல்லூறின் நகம் மைனாவின் சிறகைக் கிழித்தது. தாயும் குஞ்சும் முள்புதரில் விழுந்தன. கரிச்சான் வல்லூறைக் கொத்திக் கொத்தித் துரத்தியது.

திரும்பி வந்த கரிச்சான் மணியன் அருகில் அமர்ந்தது. "மணியா, அது தேர்வு இல்லையப்பா. வல்லூறு வருகிறது, ஒளிந்துகொள் என்று கத்தினேன்."

மணியன் விழித்தான். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "ஆனால், நான் சரியாகத்தானே பாடினேன், அம்மா?" என்று கேட்டான்.

மைனா இரத்தம் கசியும் சிறகால் அவனை இழுத்து அணைத்துக்கொண்டது.

நீதி: தேர்வுக்கு முன்பே, பிழைத்திருக்கப் பிள்ளையைப் பழக்க வேண்டும்.