இனிஷியல் கட்டத்தில் ஒரு புள்ளி

"குருவே, ஜனங்க வாய் கூசாம பொய் சொல்லுதாங்க," என்றார் ஆவுடையப்பன்.

குரு பியூலா சுக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. மாற்றி எழுதிவிட்டேனோ என்று தலையைச் சொறிய வேண்டாம், அப்படித்தான். தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பைத்தான் என்ற கணினி மொழி படிக்கப் பாளையங்கோட்டையில் அவளுடைய மாடி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். "இந்த வயசுல பாம்பு பிடிக்கப் போறீயளோ?" என்று வீட்டம்மா கேட்டதற்கு இன்னும் பதில் சொன்னபாடில்லை.

"என்ன பொய் அண்ணாச்சி?"

"காது முகாம் ஃபார்ம் இருக்குல்லா. அதுல இனிஷியல் கட்டத்துல புள்ளி வச்சிட்டுப் போறாங்க. எழுத்து கிடையாது. வெறும் புள்ளி!"

காது கேளாத பிள்ளைகளுக்குக் கருவி பொருத்த ஓர் அறக்கட்டளை முகாம் நடத்துகிறது. பெயர்ப் பதிவு அன்று மாலை ஐந்து மணியோடு சரி. அதற்கான ஃபார்ம்தான் ஆவுடையப்பன் தன் கையால் செய்த முதல் ஃபார்ம்.

கையால் என்ன கையால்! விவரங்கள் போய்ச் சேரும் டேபிளில் என்னென்ன இருக்கும் என்று மாடல் என்கிற நிரலில் எழுதிவைத்தால், ஃபார்ம் தானாக முளைத்துவிடும். பெயர் என்று எழுதினால் பெயருக்கு ஒரு கட்டம். தேதி என்று எழுதினால் தேதிக்கு ஒரு கட்டம். குழி எப்படியோ பணியாரம் அப்படி. இவர் இனிஷியல் என்று எழுதினார், அதுவும் முளைத்தது. கட்டாயம் வேண்டாம் என்று இவர் சொல்லவில்லை, அதனால் கட்டாயமாகவே முளைத்தது.

"அதான் நானே ஒரு சோதனை எழுதிப் போட்டுட்டேன். இனிமே எழுத்து இல்லாம ஒருத்தரும் உள்ள வர முடியாது. ஏற்கெனவே புள்ளி வச்சவங்களையும் செல்லாதுன்னு குறிச்சு வெளிய தள்ளிட்டேன்."

"நல்லது," என்றாள் பியூலா. காப்பியைக் குடித்தாள்.

சீடர் பாராட்டுக்குக் காத்திருந்தார். அது வரவில்லை.

மாடிப்படியில் ஒரு பெண்தான் வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண்பிள்ளை.

"கீழ பிரவுசிங் சென்டர்ல, இந்த ஃபார்ம் செஞ்சவங்க மாடியிலதான் இருக்காங்கன்னு சொன்னாங்க," என்றாள். பெயர் மாரிச்செல்வி. "எத்தன தடவ போட்டாலும் செவப்பு எழுத்து வருதுங்க. அஞ்சு மணிக்கு மூடிருவாங்களாம். இந்த வயசுல கருவி வைக்கலேன்னா அப்புறம் பேச்சு வர்றது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பியூலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அண்ணாச்சி, நீங்களே நிரப்பிக் கொடுங்க."

ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பிள்ளை பேரு?"

"தேன்மொழி." மாரிச்செல்வி பிள்ளையின் தலையைத் தடவினாள். "பொறந்த அன்னைக்கே வச்சது. இன்னும் ஒரு மொழி வரல."

"இனிஷியல்?"

"புள்ளி வைங்க சார்."

"அது ஏத்துக்காதும்மா. அப்பா பேர்ல மொத எழுத்து சொல்லு."

மாரிச்செல்வி பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"அப்பா பேரு தெரியாதா?" கேட்ட பிறகுதான் ஆவுடையப்பனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"தெரியும். வேண்டாம்."

மாரிச்செல்வி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இவளுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு, எங்க வம்சத்துல இப்படிக் கிடையாதுன்னு சொல்லிட்டுப் போனவரு சார். அந்த எழுத்து இவளுக்கு எதுக்கு?"

"அப்ப உன் எழுத்தப் போட்டுரலாமே தாயி."

"போன முகாம்ல போட்டேன். பொறப்புச் சான்றிதழ்ல தேன்மொழின்னு மட்டும்தான் இருக்கு, ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தத் தடவ விவரம் தெரிஞ்ச ஒருத்தங்க சொன்னாங்க, புள்ளி வச்சா உள்ள போயிரும்னு. காலையில வரைக்கும் போச்சாம்."

ஆவுடையப்பனின் முகத்தில் ஈயாடவில்லை. குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"குருவே, கட்டாயத்த எடுத்துரவா?"

"எடுங்க. ஆனா அந்த இடத்துல என்ன போய் உக்காரும்?"

"ஒண்ணும் உக்காராது. காலி."

"டேபிளுக்கு ரெண்டு காலி தெரியும் அண்ணாச்சி. ஒண்ணு, 'தெரியாது'. இன்னொண்ணு, 'இல்லை'."

"ரெண்டும் ஒண்ணுதான குருவே?"

"என்னை எதுக்குக் கேக்கீங்க?"

ஆவுடையப்பன் மாரிச்செல்வி பக்கம் திரும்பினார். அரசாங்க உத்தியோகத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டவர்தான். இதை மட்டும் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"அம்மா, தெரியாதுன்னு போடவா, இல்லன்னு போடவா?"

மாரிச்செல்வி யோசிக்கவே இல்லை.

"இல்லன்னு போடுங்க சார். தெரியாதுன்னு போட்டா எம்புள்ள வளந்து தேடிக்கிட்டே கெடக்கும்."

ஆவுடையப்பன் மாடலைத் திறந்தார். இனிஷியல் வரியில், வெறுமையாக விடலாம் என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். காலையில் பெருமையாக எழுதிய சோதனையை முழுசாக அழித்தார்.

"டேபிளையும் மாத்தணுமா?"

"வேண்டாம். கட்டத்த வெறுமையா விட்டா டேபிள் அத 'இல்லை'ன்னு மொதல்லேருந்தே வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு. மல்லுக்கட்டுனது நம்ம ஃபார்ம்தான்."

பெயர்: தேன்மொழி. இனிஷியல் கட்டத்தைத் தொடாமல் தாண்டினார். அனுப்பு என்பதை அழுத்தினார். சிவப்பு வரவில்லை.

"பதிவாயிட்டு தாயி."

மாரிச்செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். ஆவுடையப்பன் பதறிப்போய் எழுந்தார். "ஐயோ, எனக்குப் போய் எதுக்கும்மா!" என்றார்.

படியில் அவள் காலடிச் சத்தம் இறங்கி அடங்கியது.

"குருவே, காலையில நான் வெளிய தள்ளுனேன்லா..."

"போன் நம்பர் எல்லாம் டேபிள்ல இருக்கும். அஞ்சு மணிக்கு இன்னும் நேரமிருக்கு," என்றாள் பியூலா. மீதிக் காப்பியை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் காப்பியைத் தொடவில்லை. முதல் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் ஒரு பெண்குரல்.

"வணக்கம்மா, காது முகாம் ஃபார்ம் விஷயமா பேசுதேன். உங்க பையன் பேருக்கு முன்னால..."

நிறுத்தினார்.

"பேருக்கு முன்னால ஒண்ணும் வேண்டாம். பேரு மட்டும் சொல்லுங்க."