பிள்ளையார் சுழியோடு நின்ற பாஸ்வேர்டு

மோடம் கீச்சிட்டுக் கத்தினால்தான் இணையம் திறக்கும் என்றிருந்த அந்த நல்ல காலத்தில், பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டர் ஒன்றில் செண்பகவல்லி வேலை பார்த்தாள். ஒருநாள் இன்ஸ்பெக்டர் மாசானமுத்து வந்து, புது நோட்டு ஒன்றை மேஜையில் போட்டார்.

"ஊர்ப் பாதுகாப்பு முக்கியம்மா. வர்றவங்க எல்லார் பாஸ்வேர்டையும் இதுல எழுதி வாங்கணும். இல்லேன்னா கடையைப் பூட்டிருவேன்."

"சரிங்கய்யா. பிள்ளையார் சுழி போட்டு முதல்ல உங்களதை எழுதிருங்க. அதைப் பார்த்து மத்தவங்களும் தைரியமா எழுதுவாங்க."

இன்ஸ்பெக்டர் கம்பீரமாகச் சுழி போட்டார். அடுத்த எழுத்துக்கு அவருடைய இடது கை தானாகவே நோட்டை மறைத்தது.

"யாருக்குப் பயந்துய்யா மறைக்கிறீங்க? இங்க நீங்கதான போலீசு!"

மாசானமுத்து கையை எடுத்துவிட்டு, பேரையும் விலாசத்தையும் மட்டும் எழுதினார். "இது போதும்மா, எல்லாருக்கும்."

பேருக்கும் விலாசத்துக்கும் மேல் எதையும் கேட்காத, அவ்வளவு மரியாதை தெரிந்த நோட்டை அப்புறம் எங்கே பார்த்தோம்!