கடைசித் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா பேரு ஆவுடை, தம்பி பேரு சங்கரபாண்டி. ஆத்தாளும் அப்பனும் அடுத்தடுத்த வருசம் போய்ச் சேந்துட்டாங்க. அப்போ தம்பிக்கு ஆறு வயசு, அக்காளுக்குப் பதினாறு. அவதான் கஞ்சி காச்சி ஊத்தி, தலைக்கு எண்ணெ தேச்சு, பள்ளிக்கூடம் அனுப்பி, அவன ஆளாக்குனா. செண்பகம்னு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டியும் வச்சா. தனக்குன்னு ஒரு கல்யாணத்த மட்டும் அவ நெனைக்கவே இல்ல.

கேக்குறியா? ம் கொட்டு. ம்... அப்படித்தான்.

அப்புறம் அந்த ஊர்ல ஒரு கொளம். கொளத்துக்கு நடுவுல கூட்டமா கருவேல மரம் நிக்கும். மழக்காலத்துல மரத்துக்கு இடுப்பளவு தண்ணி கெடக்கும். ஆவுடைக்கு சத்துணவுக் கூடத்துல வேல. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா போதும், கழுத்துல ஒரு பைனாகுலர மாட்டிக்கிட்டு, கையில ஒரு நோட்டும் பென்சிலுமா கொளத்தங்கரைக்குக் கெளம்பிருவா. எதுக்குத் தெரியுமா? பறவை எண்ணுறதுக்கு. டீக்கடையில இருக்குற ஆம்பளைங்க சிரிப்பாங்க.

"என்ன ஆவுடை, நாரைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறியா?"

அவ திரும்பிப் பாக்க மாட்டா. விறுவிறுன்னு போய், கரையில ஒரு பன மரத்தடியில உக்காந்துக்குவா. எண்ணுவா, எழுதுவா. அவ்வளவுதான். அதுல அவளுக்கு என்ன கெடைச்சுதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் யாருக்கும் சோறு பொங்க வேண்டாம், யாரோட வாழ்க்கையப் பத்தியும் கவலப்பட வேண்டாம்.

அந்த வருசம் தை மாசம் வாத்து வந்துச்சு. எங்கயோ பனிமலைக்கு அந்தாண்டயிருந்து, தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்து. "ஆங்... ஆங்..."னு கத்திக்கிட்டே வானத்துலருந்து எறங்கி, தண்ணியில சர்ர்ருன்னு கோடு இழுத்து நின்னுச்சு. எண்பத்தேழுன்னு எழுதுனா. போன வருசம் இருநூத்துக்கும் மேல. ஏன் கொறஞ்சுதுன்னா, மழ சரியாப் பெய்யல. கொளம் பாதிதான் நெறஞ்சிருந்துச்சு.

அப்புறம் மாசி மாசம் நாரை வந்துச்சு. மஞ்ச மூக்கு, முதுகுக்குக் கீழ ரோசாப்பூ நெறத்துல எறகு. ஒவ்வொண்ணும் உன் இடுப்பு ஒசரம் இருக்கும். வந்ததும் குச்சி பொறுக்கி கருவேல மரத்துல கூடு கட்டுச்சு. சோடி சோடியா நின்னு மூக்கோட மூக்கத் தட்டும். டக டக டக டகன்னு கர வரைக்கும் கேக்கும். நூத்திப் பன்னெண்டு கூடு. ஆவுடை ரெண்டு தடவ எண்ணிப் பாத்துத்தான் எழுதுனா. எழுதிட்டு சந்தோசப்படாம தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. தண்ணி முழங்கால் அளவுதான் கெடந்துச்சு.

ஏன்னா இவ ஒரு தடவ பாத்துருக்கா. ஏழெட்டு வருசத்துக்கு முந்தி, குஞ்சு பறக்குறதுக்கு முந்தியே மரத்தடியில தண்ணி வத்திப் போச்சு. தண்ணி இல்லன்னா நாய் நடந்து வந்துரும். நாய் வந்தா தாய்ப்பறவ பயந்து கூட்ட விட்டுட்டுப் போயிரும். அந்த வருசம் குஞ்சுங்க வாயத் தொறந்து வச்சுக்கிட்டே ஒண்ணொண்ணா கீழ விழுந்துச்சு. தொப்பு... தொப்புன்னு. அந்தச் சத்தம் ரொம்ப நாளைக்கு அவ காதவிட்டுப் போகல.

ம்... பயப்படாத. இங்க வா, கிட்ட படுத்துக்கோ.

அப்புறம் பங்குனி வந்துச்சு. வாத்தெல்லாம் ஒரு நாள் காலையில கெளம்பிப் போச்சு. நாரை முட்டையெல்லாம் பொரிஞ்சுச்சு. வெள்ள வெள்ளையா, பஞ்சுப் பொதி மாதிரி குஞ்சு. தாய் வந்து மீனக் கக்கும், இதுங்க "கெர்ர் கெர்ர்"னு அடிச்சுக்கிட்டுத் திங்கும். வெயிலு வேற சுள்ளுன்னு ஏறிருச்சு. கொளத்துல சேறு தெரிய ஆரம்பிச்சுது. மரத்தச் சுத்தி மட்டும் கொஞ்சம் தண்ணி.

அந்தக் கொஞ்சத் தண்ணியும் மடை வழியா வயலுக்குப் போக வேண்டிய தண்ணி.

ஆவுடை மொதல்ல மடை தெறக்குற கொம்பையாகிட்ட போனா.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு மாசத்துக்கு மடையத் தெறக்காதீங்க. குஞ்சு பறந்துரட்டும்."

"நான் தெறன்னா தெறப்பேன், அடைன்னா அடைப்பேன். ஊர்ல கேளு தாயி."

அப்புறம் ஊர்க்கூட்டத்துல போய்க் கேட்டா. அம்மன் கோயில் வேப்ப மரத்தடியில எல்லாரும் உக்காந்திருந்தாங்க. பொம்பள எந்திரிச்சுப் பேசுறாளேன்னு ரெண்டு பேரு மொனங்குனாங்க. ஆனா ஊருக்கும் அந்தப் பறவ மேல ஒரு இது உண்டு. நாரை வந்து தங்குனா ஊருக்கு நல்லதுன்னு அங்க சொல்லுவாங்க. கூட்டத்துல பெரியவரு ஒருத்தர் தாடியத் தடவிக்கிட்டே சொன்னாரு.

"எல்லாரும் முன்னாடியே நட்டு அறுத்துட்டோம். இன்னும் தண்ணி வேணும்ங்கிறது ஒரே ஒருத்தனுக்குத்தான். அவன் வேண்டாம்னு சொல்லிட்டா மடை அடைச்சே கெடக்கட்டும்."

"யாரு அது?"ன்னு ஆவுடை கேட்டா. கேக்கும்போதே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"உன் தம்பிதான்."

சங்கரபாண்டி அந்த வருசம் மழைய நம்பி, பிந்தித்தான் நட்டான். நெல்லு அப்பதான் பால் பிடிச்சு நின்னுச்சு. இன்னும் ஒரே ஒரு தண்ணி. ஒரு தண்ணி பாஞ்சா கதிரு முத்திரும், பாயலன்னா அம்புட்டும் போச்சு. அவன் கெணத்துல மோட்டாரப் போட்டுப் பாத்தான். கொட கொட கொடன்னு கொஞ்சம் வந்துச்சு, அப்புறம் புஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு.

ஆவுடை மூணு நாள் அவன் வீட்டுப் பக்கமே போகல. மொத நாள் பாதி வழி போய்த் திரும்பிட்டா. ரெண்டாம் நாள் வாசல் வரைக்கும் போயிட்டு, "சும்மாதான் வந்தேன்"னு செண்பகத்துகிட்ட ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்துட்டா. மூணாம் நாள் வயலுக்கே போனா. அவன் வரப்புல குத்த வச்சு உக்காந்திருந்தான்.

"பாண்டி..."

"ஊர்க்கூட்டத்துல நடந்ததக் கேள்விப்பட்டேன்க்கா."

"நான் உன்னைய மனசுல வச்சுக் கேக்கலடா. எனக்குத் தெரியாது."

"இப்பதான் தெரியும்லா. இப்பவும் கேக்கப் போறியா?"

நிமிந்து கொளத்தப் பாத்தா. அங்க "கெர்ர் கெர்ர்"னு சத்தம். குனிஞ்சு பயிரப் பாத்தா. பச்சையா, தல சாய்க்கப் பாக்குற கதிரு. ரெண்டும் உசுருதான். எதச் சொன்னாலும் ஒண்ணு சாகும்.

கடைசியில சொன்னா. "கேக்கேன் பாண்டி."

அவன் ரொம்ப நேரம் வரப்பு மண்ணக் கிள்ளிக்கிட்டே இருந்தான். அப்புறம் எந்திரிச்சு வேட்டியத் தட்டுனான்.

"நீ கேட்டு நான் இல்லன்னு சொன்னது உண்டாக்கா? அடைச்சே கெடக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிட்டு வரப்பு வழியாப் போயிட்டான். திரும்பிப் பாக்கல.

என்ன, ம் சத்தத்தக் காணோம்? முழிச்சுத்தான் இருக்கியா? ம்... சரி.

அப்புறம் சித்திர மாசம். ஆவுடைக்கு இருப்புக் கொள்ளல. வேலைக்குப் போறதுக்கு முந்தி வெடியக் கருக்கல்ல எந்திரிச்சு, ஊர்ப் பைப்புலருந்து குடம் குடமாச் சொமந்து தம்பி வயல்ல ஊத்துனா. ஒரு குடம் ஊத்துனா சுர்ர்ருன்னு மண்ணு குடிச்சிரும். ஊத்துன எடம் தெரியாது. பத்து நாள் சொமந்தா. இடுப்புத் தோலு உரிஞ்சு போச்சு. பதினோராம் நாள் செண்பகம் வந்து குடத்தப் பிடிச்சா.

"மைனி, விடுங்க. குடத்தால வயல் நனையுமா?"

"எம் மனசு கேக்கலியே செண்பகம்."

"உங்க மனசு ஆறணும்னு சொமக்கீங்க. அவுக அத வீட்டுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே இருக்காக. மூணு நாளா ராத்திரி ஒரு வாய் சோறு திங்கல."

ஆவுடை குடத்த எறக்கி வச்சுட்டா. அதுக்கப்புறம் சொமக்கல.

அப்புறம் வைகாசி. ஒரு ஞாயித்துக்கெழம கரையில உக்காந்து குஞ்சு எண்ணிக்கிட்டு இருந்தா. குஞ்சுங்க வளந்து, கூட்டு மேல நின்னு பட் பட் பட்டுன்னு எறகடிச்சுப் பழகுது. எண்ணிக்கிட்டே வந்தவ, எதேச்சையா பைனாகுலர அந்தப் பக்கம் திருப்பிட்டா. தம்பி வயல் தெரிஞ்சுது. தம்பியும் தெரிஞ்சான்.

தூரத்துல இருக்குறவன் மூஞ்சி அவ கைக்குப் பக்கத்துல வந்துருச்சு. காஞ்ச வைக்கோலு மாதிரி நின்ன பயிருக்கு நடுவுல அவன் நிக்கான். ஒரு கதிர உருவி, ரெண்டு நெல்ல வாயில போட்டுக் கடிச்சான். துப்புனான். இன்னொரு கதிர உருவுனான். கடிச்சான், துப்புனான். மூணாவது ஒண்ணு. அதையும் துப்புனான். உள்ள அரிசி இல்ல, வெறும் உமி. அம்புட்டும் பதரு, சாவியாப் போச்சு. அப்புறம் அருவாள எடுத்து, மாட்டுக்கு அறுக்குற மாதிரி குனிஞ்சு அறுக்க ஆரம்பிச்சான்.

அவன் அழல. அழுதிருந்தா இவ ஓடிப் போயிருப்பா. அழாத மூஞ்சிகிட்ட எப்படிப் போறது? பைனாகுலர எறக்கி மடியில வச்சுக்கிட்டா. எண்ணிக்க எங்க விட்டோம்னு மறந்து போச்சு. அந்த வாரத்துக்கு நோட்டுல ஒண்ணும் எழுதல.

அப்புறம் ஆனி பொறந்துச்சு. நாய் வரல. தண்ணி கணுக்கால் அளவு நின்னுச்சு, ஆனாலும் நின்னுச்சு. ஒரு காலையில மொதக் குஞ்சு கூட்டவிட்டு எந்திரிச்சுது. ஒரு கெளைக்குத் தாவுச்சு. அடுத்த கெளைக்குத் தாவுச்சு. மூணாவது தாவுறப்போ கெளை இல்ல, வெறும் காத்துதான். ஆவுடை எந்திரிச்சு நின்னுட்டா. கீழ போன குஞ்சு, தண்ணிக்கு ஒரு சாண் மேல ஒரு அடி அடிச்சுது பாரு எறக! விசுக்குன்னு மேல ஏறிருச்சு. அதப் பாத்து இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு வாரத்துல மரமெல்லாம் காலி. வானத்துல வட்டம் போட்டு வட்டம் போட்டு, தெக்கால போயே போச்சு.

அவளுக்கு யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. டீக்கடையத் தாண்டி, கோயிலத் தாண்டி, நேரா தம்பி வீட்டுக்கு ஓடுனா. கதவுல பூட்டு தொங்குச்சு. மாட்டுத் தொழுவம் கழுவி விட்டாப்ல காலியாக் கெடந்துச்சு.

பக்கத்து வீட்டுப் பொம்பள எட்டிப் பாத்தா.

"அவங்க முந்தாநாளே கெளம்பிட்டாங்களே. திருப்பூருக்கு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில வேலயாம். உன்கிட்டச் சொல்லலையா?"

ஆவுடை தலைய ஆட்டுனா. சொன்னான்னும் இல்ல, சொல்லலைன்னும் இல்ல, அப்படி ஒரு ஆட்டு. அந்தப் பூட்டுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் இடுப்புலருந்து போன எடுத்தா. மணி அடிச்சுது, அடிச்சுது, அடிச்சுது. எடுத்தான். அந்தப் பக்கம் மெசினு சத்தம், கடகடகடகடன்னு.

"பாண்டி, அக்கா பேசுதேன்."

"ம்."

"குஞ்செல்லாம் பறந்துட்டுடா."

மெசினு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"அம்புட்டுமா?"

ஆமான்னு சொல்லிரலாம். சொன்னா அவனுக்கு ஆறுதலா இருக்கும். அவளுக்கும்தான். ஆனா அவன்கிட்ட அவளால பொய் சொல்ல முடியல.

"இல்லடா. பதினொண்ணு செத்துப் போச்சு. வெயிலு தாங்கல. மத்த இருநூத்தி ஆறும் பறந்துட்டு."

"இருநூத்தி ஆறு..." அவன் வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தான். அப்புறம் மெசினு சத்தம் மட்டுந்தான். வச்சுட்டானோன்னு இவ போனப் பாத்தா. வைக்கல.

"கோவமாடா என் மேல?"

"இருக்குக்கா."

"சரி."

"இருக்கத்தான் செய்யும். கொஞ்ச நாளைக்கு இருக்கும்." அப்புறம் கேட்டான். "நீ சாப்ட்டியா?"

அப்பதான் அவளுக்கு அழுக வந்துச்சு. அவன் பூட்டிட்டுப் போன கதவுல நெத்திய வச்சுக்கிட்டு, "சாப்பிட்டேன்டா"ன்னு சொன்னா. அது பொய்யி. அந்த ஒரு பொய்ய மட்டும் சொன்னா.

என்னடா செல்லம்? தம்பி திரும்பி வந்தானான்னா?

அந்த வருசம் வரல. அதுக்கு அடுத்த வருசமும் வரல. ஞாயித்துக்கெழமதோறும் மட்டும் போன் பண்ணுவான். ஆவுடை கரையில உக்காந்து, எத்தன பறவ வந்திருக்குன்னு அவனுக்குச் சொல்லுவா. அவன் "ம்"னு கேட்டுக்குவான். இப்ப நீ கொட்டுறல்ல, அதே மாதிரி.

கதையும் கரையேறிருச்சு, உன் கண்ணும் செருகிருச்சு. இனி ம் கொட்ட வேண்டாம், உறங்கு.