முதலிடத்துக்கு வந்த மாலைகள்

அந்த ஊரில் உள்ளூர் சேனல்கள் மூன்று. மூன்றுமே செய்தியில் நாங்கள்தான் முதலிடம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தன. அதில் ஒன்றுக்கு முதலாளி தணிகாசலம். அங்கே செய்திக்குக் கீழே ஓடும் வரிகளை டைப் அடிப்பவள் எஸ்தர். தன் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று எட்டு மாதமாக அவளும் ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒரு ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை தணிகாசலம் எஸ்தரின் மேசையைத் தட்டினார்.

"யார் செய்தியை எத்தனை பேர் பாக்கறாங்கன்னு வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிஞ்சாகணும். நாம முதல்ல இல்லேன்னா நீ வேலைக்கே வராதே."

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது அலுவலக வாசலில் இரண்டு பெரிய ரோஜா மாலைகள் கிடந்தன.

"யாருக்கும்மா இது?"

"உங்களுக்குத்தான் சார். நேத்து சாயங்காலச் செய்தியில நீங்க செத்துட்டதா ஓட்டினேன். மத்த ரெண்டு சேனல் முதலாளிங்க அனுப்பியிருக்காங்க. வேற யாரும் வரல."

"அடிப்பாவி! நான் பாக்கவே இல்லையே!"

"நீங்கதான் அந்த நேரம் அவங்க செய்தியை மாத்தி மாத்திப் பாக்கறீங்களே சார். எந்தச் சேனலைப் பாக்கறதும் மத்த ரெண்டு முதலாளிங்க மட்டும்தான். யாருக்கும் யாரும் குறைச்சல் இல்ல."

தணிகாசலம் நாற்காலியில் சரிந்தார்.

"பக்கத்துத் தெருவுல இருக்கற எங்க அக்காகூட வரலையா?"

"வரல சார்."

"நான் உயிரோட இருக்கேன்னாவது போடும்மா."

"காலைச் செய்தியிலயே போட்டுட்டேன் சார். அந்த ரெண்டு பேர் மட்டும் கூப்பிட்டாங்க. மாலையைத் திருப்பி அனுப்பணுமாம்."