வீரபாகு தண்ணீரை நிறுத்திய கதை

"சாமி, மூத்திரத்தை ஜெயிக்க ஒரு வழி சொல்லுங்க."

விடிவதற்கு முன்பே வந்து வீரபாகு இப்படிக் கேட்டதும் கஞ்சிச்சாமி சிரிக்கவில்லை. மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர், தலையை மட்டும் நிமிர்த்தினார்.

சாமி வீரபாகுவைவிட வயதில் இளையவர். வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதால் அந்தப் பெயர். இளையவரானாலும் குரு குருதான்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். பௌர்ணமியன்று விடிந்ததும் தியானத்தில் உட்கார்ந்தால் உச்சிவேளை மணி அடிக்கும்வரை எழக்கூடாது. எழாதவருக்கு அன்றே உபதேசம். எழுந்தவர் அடுத்த பௌர்ணமிக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

வீரபாகு அந்த உபதேசத்துக்காகவே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரைஸ்மில்லைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர். கால் மரத்துப்போனால் பொறுத்துக்கொள்வார். கொசு கடித்தால் அசைய மாட்டார். ஆனால் பாழாய்ப்போன மூத்திரம் ஒவ்வொரு பௌர்ணமியும் அவரை எழுப்பிவிட்டுவிடும்.

மனுஷன் ஒரு யோசனை பண்ணினார். தண்ணீரையே நிறுத்தினார். குடித்தால்தானே வரும்?

அப்படியும் வந்தது. கொஞ்சமாக, கடுங்காப்பி நிறத்தில், எரிச்சலோடு வந்தது. இடுப்பு விண்விண் என்று வலித்தது. இன்று பௌர்ணமி. இன்றும் எழுந்துவிட்டால் என்ன மூஞ்சியோடு ஊருக்குத் திரும்புவது என்று சாமியிடம் புலம்பினார்.

சாமி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடிங்கண்ணே. குடிச்சிட்டு உட்காருங்க. உள்ளே ஊறாம நிறுத்திக் காட்டுங்க. அந்த நிமிஷமே உபதேசம்."

வீரபாகுவுக்குத் திக்கென்றது. குருவின் கையால் தந்ததை மறுக்க முடியுமா? குடித்தார். சாமி மறுபடியும் நிரப்பினார். அதையும் குடித்துவிட்டு, விடிந்ததும் மற்றவர்களோடு வரிசையில் போய் உட்கார்ந்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. காய்ந்து கிடந்த உடம்பு அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது. பரவாயில்லையே என்று அவருக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

பிறகு ஆரம்பித்தது.

இடுப்புக்கு மேலே, முதுகுப்பக்கம், இரண்டு சிறுநீரகம் இருக்கிறதே, அதுகளுக்குப் பௌர்ணமி தெரியுமா, உபதேசம் தெரியுமா? ரத்தத்தை அலசி, வேண்டியதை உடம்புக்கே திருப்பிக் கொடுத்து, மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தன.

நில் என்று மனசுக்குள் உத்தரவு போட்டார். சொட்டியது.

கெஞ்சினார். சொட்டியது.

அடிவயிறு கல்லாகிவிட்டது. தொடை நடுங்கியது. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. வரிசையில் இருந்த மற்றவர்கள் தியானத்தை விட்டுவிட்டு இவரையே பார்த்தார்கள்.

சாமி எழுந்து வந்து காதருகே குனிந்தார். "போதும்ணே. போயிட்டு வாங்க. அடுத்த பௌர்ணமி எங்கேயும் ஓடிப்போகாது."

வீரபாகு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவே பயம்.

வெயில் ஏறியது.

மணி அடித்தது.

எழவில்லை. வீரபாகு எழவே இல்லை! வரிசையில் யாரோ அவர் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள். அவர் எதையும் கேட்காமல், குனிந்தபடியே வேலிக்குப் பின்னால் போய் நின்றார்.

ஒரு சொட்டுகூட வரவில்லை.

முக்கினார். மூச்சை அடக்கினார். அத்தனை நேரம் இறுக்கிப் பிடித்த சதை, விட மறந்துவிட்டது. வயிறு வெடித்துவிடும்போல் இருந்தது. செத்துவிடுவோம் என்று நிஜமாகவே பயந்தார்.

சாமி பின்னாலேயே வந்துவிட்டார்.

"என்னண்ணே?"

"வரமாட்டேங்குது சாமி."

"ஜெயிச்சவர்தானே நீங்க. உத்தரவு போடுங்க."

வீரபாகு அழுதுவிட்டார். ரைஸ்மில்லில் ஒரு அதட்டலுக்கு அத்தனை பேரும் ஓடுவார்கள். இங்கே அவர் பேச்சைக் கேட்க ஒன்றுமே இல்லை.

"ஊறாதேன்னேன், கேக்கல. இப்போ போன்னு சொல்றேன், அதையும் கேக்கல. நான் என்னதான் சாமி பண்றது?"

சாமி அவர் முதுகில் கை வைத்தார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. முதல்ல அதை விடுங்க."

தாடை தளர்ந்தது. தோள் இறங்கியது. வெளியே விட மறந்திருந்த மூச்சு நீளமாகப் போயிற்று.

சருகின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு சடசடவென்று கொட்டியது.

வீரபாகுவுக்குக் கண்ணீரும் நிற்கவில்லை. அந்த நிலையிலும் ஆசை விடுகிறதா பாருங்கள். திரும்பாமலே கேட்டார்.

"அப்போ சாமி... உபதேசம்?"

"ஸ்ஸ்... முடியட்டும். குறுக்கே பேசாம கேளுங்க."